ஆடி மாதத்துக் கிறிஸ்துமஸ் கேக்

பெரியாஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் சேதி ஊருக்கே தெரிந்திருக்கும். கட்டிலில் படுத்திருப்பவருக்கு மட்டும் தெரியாது. பிழைப்புக்காகச் சுற்றின ஊர்களில் எத்தனையோ ஆஸ்பத்திரி வாசல்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன், கூட வேலை செய்தவர்களுக்காகவும், இரண்டொரு முறை எனக்காகவும். எல்லா இடத்திலும் கதை இதுதான். ஆனால் நான் அதை முதன்முதலாகப் பார்த்தது புதுச்சேரியில், நான் கோயிலில் முதன்முதலாக நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கிய வருஷம், ஆடி மாதத்தில், என் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில்.

அப்பா மூணு சக்கர வண்டி மிதித்தார். வெங்காய மூட்டை, சிமெண்ட் மூட்டை, வீடு மாற்றுகிறவர்களின் பீரோ, எது கிடைத்தாலும் ஏற்றுவார். உப்பளம் பகுதியில் எங்கள் சந்துக்குள் அந்த வண்டி நுழையாது. சந்து முனை விளக்குக் கம்பத்தில் சங்கிலி போட்டுக் கட்டியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது மட்டும் வண்டியைக் கழுவி, பலகை மேல் கோணி விரித்து, என்னையும் அம்மாவையும் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு போவார். கோயில் வாசலில் காரில் வந்து இறங்குகிறவர்களை விட நாங்கள் உயரத்தில் உட்கார்ந்திருப்போம்.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. அம்மா அதற்குக் காவல் இருந்தாள். டீயில் சர்க்கரை கிடையாது. கல்யாணப் பந்தியில் அப்பாவின் இலைக்கு வந்த ஜாங்கிரி, அவர் கை நீட்டுவதற்குள் அம்மாவின் இலைக்குப் போய்விடும். கிறிஸ்துமஸில் மட்டும் இருவருக்கும் சண்டை வரும். எங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு விவிகம் என்று ஒரு கேக் செய்வார்கள். ரவை, வெண்ணெய், முட்டை, ரம்மில் நாள்கணக்கில் ஊறின திராட்சை, முந்திரி எல்லாம் போட்டு வேகவைத்தால் வாசனை அடுத்த தெருவுக்குப் போகும். டிசம்பரைத் தவிர வேறு மாதத்தில் அதைச் செய்து நான் அதுவரை பார்த்ததில்லை. அப்பாவுக்கு அதன்மேல் உயிர். வருஷத்துக்கு ஒரு துண்டு, அதுவும் விரல் நுனி அளவு, நடுச்சாமப் பூசை முடிந்து வந்ததும் அம்மா தன் கையால் கொடுப்பாள். அப்பா அதைக் கடிக்க மாட்டார். வாயில் அடக்கிக்கொண்டு போய் வாசலில் நின்றுகொள்வார். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் பேசக் கூடாது.

அந்த வருஷம் அவருடைய வலது காலில் ஆணி ஏறியது. ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. கழற்றும்போது செருப்பு காலோடு ஒட்டி வந்ததைப் பார்த்து, ஆணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, துணி சுற்றிக்கொண்டு மறுநாளும் வண்டி மிதித்தார். வலித்திருந்தால் நிறுத்தியிருப்பார். வலிக்காததை நல்லதென்று நினைத்துக்கொண்டார். வீட்டில் வாடை வர ஆரம்பித்தபிறகு அம்மா துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, வெளியே போய்த் தன் தம்பியைக் கூட்டிவந்தாள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஆள் ஏற்றும் டெம்போ ஓட்டினார். பெரியாஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் அவர் வண்டி நாள்முழுதும் போய் வரும். அப்பாவை அதில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனது அவர்தான். அன்றிலிருந்து எங்கள் தெருவுக்கு ஆஸ்பத்திரிச் சேதி கொண்டுவந்ததும் அவர்தான். சாயங்காலம் சந்து முனையில் இன்ஜினை நிறுத்தாமலே வண்டியை நிறுத்துவார். ஜனங்கள் சூழ்ந்துகொள்வார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா கேட்டால், "ரெண்டு இட்லி சாப்டாரு, மூணாவது வேணாம்னுட்டாரு" என்பார். அப்பாவுக்கு வாடிக்கையாகச் சரக்குக் கொடுக்கும் மளிகைக்கடைக்காரரிடம், "இன்னும் ஒரு வாரம் பொறுங்க மொதலாளி, வேற ஆள வெச்சிடாதீங்க" என்பார். கோயில் உபதேசியார் கேட்டால் குரலைத் தாழ்த்தி, "செபத்துல நெனச்சுக்குங்க" என்பார். மூன்றும் ஒரே நாளில் ஒரே ஆளைப் பற்றிய சேதி. அவரவருக்கு எது தேவையோ அதைச் சில்லறை மாற்றிக் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டுப் போவார்.

எனக்கும் ஒன்று வைத்திருந்தார். "உங்கப்பாவுக்கு இன்னா கொறச்சல் பாப்பா? ராஜா மாதிரி படுத்துக்கினு இருக்காரு. ரெண்டு பேரு காலப் புடிச்சிக்கினு நிக்கிறாங்க, ஒரு அம்மா பஞ்சால தொடச்சி விடுது." நான் அதைப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொன்னேன். புண்ணுக்கு மருந்து கட்டும்போது நோயாளி உதறாமல் இருக்கத்தான் ஆள் பிடித்துக்கொள்வார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

பள்ளிக்கூடம் விட்டதும் மாமா என்னை டெம்போவில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுவார். உள்ளே சின்னப் பிள்ளைகளை விடமாட்டார்கள். வாசலுக்கு நேராக ஒரு விசாரணை ஜன்னல். அதில் உட்கார்ந்திருந்த பெண் எந்த நோயாளி எந்த வார்டு, எந்தக் கட்டில் என்று மட்டும் சொல்வாள். "எப்படிம்மா இருக்காரு?" என்று கேட்டால், "அது மேல போய்க் கேளுங்க" என்பாள். மேலே போகிறவர்களிடம் பாஸ் கேட்பார்கள். பார்வையாளர் நேரம் தவிர மற்ற நேரத்தில் ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ். அதனால் ஒரு வீட்டுக்காரர் மேலே போனால் மீதிப் பேர் கீழே மரத்தடியில் தூக்குவாளிகளோடு உட்கார்ந்து, வெளியே வருகிறவரின் முகத்தைப் பார்ப்பார்கள். நானும் பார்க்கக் கற்றுக்கொண்டேன். புடவைத் தலைப்பு வாயில் இருந்தால் கெட்ட சேதி. நேராகக் குழாயடிக்குப் போய் முகம் கழுவினால் இன்னும் கெட்ட சேதி. வந்ததும் வாளியைத் திறந்து, "மிச்சம் வெச்சிட்டாரு, நீ சாப்புடு" என்றால் ஒன்றுமில்லை.

அம்மா ஒருநாள் குழாயடிக்குப் போனாள்.

காலையில் பெரிய டாக்டர் வந்து பார்த்து, அம்மாவைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுப் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும். தள்ளிப்போட்டால் விஷம் மேலே ஏறும், அப்புறம் ஆளே மிஞ்ச மாட்டார். அவருக்கு நினைவு நன்றாக இருப்பதால் அவரேதான் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். "நான் சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "வேணாம் சார், நாங்களே பக்குவமா சொல்லிக்கிறோம்" என்றிருக்கிறாள். "சீக்கிரம் சொல்லுங்க. நாள் இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இதெல்லாம் அம்மா பிறகு பல தடவை சொல்லக் கேட்டது. அன்றைக்கு எனக்குச் சொன்னது, கண்ணில் தூசு விழுந்துவிட்டது என்பதுதான்.

சொல்வதில் என்ன கஷ்டம் என்றால், அப்பா சேர்ந்த முதல்நாளே வார்டு முழுக்கக் கேட்கும்படி ஒன்று சொல்லிவைத்திருந்தார். "காலு கீலுன்னு எவனாவது வாயத் தொறந்தா எறங்கிப் போய்ட்டே இருப்பேன். முழுசா வந்தேன், முழுசாத்தான் போவேன்." வெறும் பேச்சில்லை. அவரோடு வண்டி மிதித்த ஒருவருக்குக் கால் எடுத்திருந்தார்கள். அந்த ஆள் பிறகு மார்க்கெட் ஓரத்தில் துண்டு விரித்து உட்கார்ந்தார். அப்பா அந்தப் பக்கம் லோடு கொண்டுபோவதையே நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்றாம் நாளோ என்னவோ, யாரோ டாக்டர்கள் இங்கிலீஷில் பேசிக்கொண்டது பிடிக்காமல், கட்டுப்போட்ட காலோடு நொண்டி நொண்டி மாடிப்படி வரைக்கும் வந்துவிட்டார். வார்டு பையன்கள் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தார்கள்.

மரத்தடியில் அம்மாவும் மாமாவும் பேசிக்கொண்டார்கள். நான் தூக்குவாளியில் மிச்சமிருந்த கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

"நீ சொல்லுடா தம்பி. உன் பேச்சத்தான் கேப்பாரு."

"நான் சொன்னா நாளைக்கு என் மூஞ்சில முழிக்க மாட்டாரு. நீ சொல்லுக்கா. பொண்டாட்டி."

"என்னால ஆவாது. எதிர்ல நின்னாலே அழுகை வருது. உபதேசியாரக் கூப்புடலாமா?"

"அவரு பைபிள் தொறந்து சொல்றதுக்குள்ள மச்சான் கடற்கரைக்கே போய்டுவாரு."

மாமா கொஞ்ச நேரம் டெம்போ சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அப்புறம், "சரி. யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார். "நான் பாத்துக்கறேன்."

அதிலிருந்து அப்பாவுக்கு நல்ல காலம் பிறந்தது.

முதலில் பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன். அரியாங்குப்பத்தில் இருந்தார். பாலம் தாண்டினால் அவர் வீடு. ஆனால் எனக்கு நினைவு தெரிந்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. பாட்டி செத்தபோது சவத்தை எந்த வீட்டிலிருந்து எடுப்பது என்று அண்ணன் தம்பிக்குள் வாய்த்தகராறு. அதோடு சரி. கோயிலில் கூட இவர் இந்தப் பக்க பெஞ்சு, அவர் அந்தப் பக்க பெஞ்சு. அந்தப் பெரியப்பாவை மாமா டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து, அம்மாவின் பாஸைக் கொடுத்து மேலே அனுப்பினார். பெரியப்பா ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுபோனார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "டேய்" என்றார். பிடித்த கையை விடவில்லை. அப்பா பயந்துபோய், "இன்னாண்ணா? வீட்ல ஏதாவதா?" என்று கேட்டாராம்.

பக்கத்துக் கட்டிலில் பாகூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், வயிற்றில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தார். எழுந்திருக்க முடியாது, ஆனால் வாய்க்கு ஒரு தடையும் இல்லை. பெரியப்பா போனதும் அவர் கேட்டார்: "வந்தது யாருங்க?"

"எங்கண்ணன். பேச்சுவார்த்தை இல்லாம இருந்துச்சு."

"அப்படியா" என்றார் பாகூர்க்காரர். "எனக்கும் ஒரு பங்காளி இருக்கான். வரப்புத் தகராறு. அவன் வந்து என் கையப் புடிச்சான்னா எனக்கு வேர்த்துடும்ங்க."

மறுநாள் அப்பாவுக்குக் கடம்பா என்கிற கணவாய் மீன் வறுவல் வந்தது. வீட்டிலிருந்து வந்த சோற்றில் கடம்பா, ஒரு வாரமாக இட்லியும் கஞ்சியுமாக இருந்தவருக்கு. அம்மா தடுக்கத்தான் பார்த்தாள். மாமா, "கேட்டதக் குடுக்கலாம்க்கா, ஆசப்பட்டவரு" என்று அப்பாவின் காதில் விழும்படியே சொன்னார். அப்பா சாப்பிட்டார். ஆனால் பாதியில் வைத்துவிட்டு, "நான் கேக்கவே இல்லையே" என்றார்.

அன்றைக்கே சாயங்காலம் எங்கள் கோயில் சாமியார் வந்தார். வெள்ளை அங்கியோடு அவர் வார்டுக்குள் நுழைந்ததும் எல்லாக் கட்டிலிலும் பேச்சு நின்றது. அப்பாவின் நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசிச் செபம் சொன்னார். அது சாவுக்கான சடங்கு இல்லை, சுகம் கிடைக்கத்தான் என்று அவரே பிரசங்கத்தில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். எங்கள் ஆட்கள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள், நம்ப மாட்டார்கள். எங்கள் தெருவில் எண்ணெய் பூசிக்கொண்டவர்களில் எழுந்து நடந்தவர்களை யாரும் எண்ணுவதில்லை, போனவர்களைத்தான் எண்ணுவார்கள். சாமியார் போனபிறகு பாகூர்க்காரர் அப்பாவிடம் பேசவே இல்லை. தன்னுடைய சாத்துக்குடியை உரித்துப் பாதியை நீட்டினார். அவ்வளவுதான்.

அப்பா அன்று முதல் வார்டில் யாரையும் அதட்டவில்லை. இறங்கிப் போகிறேன் என்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்தது நான்.

அது சனிக்கிழமை. மாமா காலையிலேயே வீட்டுக்கு வந்து, "புதுநன்மை கவுனப் போட்டுக்கோ" என்றார். வெள்ளை கவுன், தலைக்கு வெள்ளைப் பூ வளையம், வெள்ளை சாக்ஸ். மே மாதம் போட்டது. டெம்போவில் என் மடியில் ஒரு டப்பாவை வைத்தார். மூடியைத் திறக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. விவிகம். ஆடி மாதத்தில்.

"ஏது மாமா?"

"மதாம் வீட்ல செஞ்சி வாங்கினேன்." மதாம் என்றது வெள்ளைக்காரத் தெருப்பக்கம் பிரெஞ்சு பென்ஷன் வாங்கிக்கொண்டு தனியாக இருந்த ஒரு கிழவி, கிறிஸ்துமஸுக்குக் கேக் ஆர்டர் எடுப்பவள். மாமாதான் அவளை பாங்குக்கும் கோயிலுக்கும் ஏற்றிப்போவார். "அப்பாவுக்கு. நீதான் குடுக்கணும்."

"அம்மா திட்டுவாங்க. சுகரு."

"திட்ட மாட்டா." வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னார்: "இங்க பாரு பாப்பா, ஒரு விஷயம். அப்பாவோட வலது காலு முட்டிக்குக் கீழ எடுக்கப் போறாங்க. அத மட்டும் அவருகிட்ட சொல்லக் கூடாது. புரிஞ்சிதா?"

எனக்கு அதுவரை அது தெரியாது. சொல்லக் கூடாது என்று சொன்னபோதுதான் தெரிந்தது. டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எடுக்கலன்னா?"

"எடுக்கலன்னா போய்டுவாரு. எடுத்தா நல்லாய்டுவாரு. ஆனா வாயத் தொறக்கக் கூடாது. என்ன சொல்லக் கூடாது, சொல்லு?"

"கால எடுக்கப் போறாங்கன்னு சொல்லக் கூடாது."

"எடுத்தா நல்லாய்டுவாருன்னு...?"

"சொல்லக் கூடாது."

சிக்னலில் நின்றபோது இன்னொரு தடவை கேட்டார். ஆஸ்பத்திரி வாசலில் இன்னொரு தடவை. படிக்கட்டில் இன்னொரு தடவை. பாடம் ஒப்பிக்கச் சொன்னால் திணறுகிறவள் நான், இது அச்சாகப் பதிந்துவிட்டது. வாசல் காவலர் சின்னப் பிள்ளை உள்ளே வரக்கூடாது என்றார். மாமா ஒன்றும் வாதாடவில்லை. என்னை முன்னால் நிறுத்தி, "அப்பன்கிட்ட ஆசீர்வாதம் வாங்கணும்ணே" என்றார். காவலர் என் வெள்ளை கவுனைப் பார்த்தார், கையில் டப்பாவைப் பார்த்தார், எந்த வார்டு என்று கேட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் நகர்ந்து வழிவிட்டார்.

அப்பா கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து படுத்திருந்தார். கால் பக்கம் போர்வையைக் கூடாரம் மாதிரி தூக்கி வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் அம்மா நின்றாள். இன்னொரு பக்கம், பார்வையாளர் நேரம் என்பதால், பெரியப்பாவும் வந்திருந்தார். நான் அந்தக் கூடாரத்தைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்து, பாகூர்க்காரரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர், "தேவதை மாதிரி இருக்குது கொழந்த" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் டப்பாவைத் திறந்து நீட்டினேன்.

அப்பா கேக்கைப் பார்த்தார். முகர்ந்தார். கை நீட்டவில்லை. அம்மாவைப் பார்த்தார்; அம்மா தடுக்கவில்லை, தலைகுனிந்து நின்றாள். பெரியப்பாவைப் பார்த்தார். கடைசியில் மாமாவைப் பார்த்து, ரொம்ப நிதானமாகக் கேட்டார்:

"கிறிஸ்துமஸ் வரைக்கும் கூட தாங்காதாடா?"

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பா என்னைக் கிட்டே கூப்பிட்டார். பூ வளையத்தைச் சரி செய்தார். "அம்மா பேச்சக் கேளு. பெரியப்பா வீட்டுக்குப் போய்வந்துக்கினு இரு. ஸ்கூல மட்டும் வுட்டுடாத. வண்டிய வித்துடச் சொல்லு, வெயில்ல நிக்கவெச்சா பலக விரிஞ்சிடும். இன்னா, அழக்கூடாது. அப்பா மேலேர்ந்து பாத்துக்கினுதான்..."

"நீ சாவ மாட்ட!" என்று நான் கத்தினேன். "கால மட்டும்தான் எடுப்பாங்க! முட்டிக்குக் கீழ! எடுத்தா நல்லாய்டுவ! மாமா சொல்லிச்சு!"

அம்மா என் தலையில் ஓங்கி ஒன்று வைத்தாள். பூ வளையம் கட்டிலுக்கடியில் உருண்டது. பெரியப்பா, "யேசுவே" என்றார். நர்ஸம்மா மேஜையிலிருந்து எழுந்துவிட்டாள். அப்பா எந்த நிமிஷமும் துள்ளி இறங்கி ஓடப்போகிறார் என்று எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காலு மட்டுமா?" என்றார் அப்பா.

நான் தலையாட்டினேன்.

"காலு மட்டும்தானா?" இந்தத் தடவை அம்மாவைக் கேட்டார். அம்மா வாயில் தலைப்பை வைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

"அட, காலுதானா!" என்றார் பாகூர்க்காரர். "ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கலீங்களே! ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு வவுத்துல எத எடுத்தாங்கன்னே இன்னும் தெரியல, நானே சும்மா கெடக்கிறேன்!"

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க, பிறகு கட்டில் ஆட. சிரித்துக்கொண்டே அழுதார் என்று அம்மா சொல்வாள். நான் சிரிப்பை மட்டும்தான் பார்த்தேன். "பாவிங்களா, பொணமாவே ஆக்கிட்டீங்களேடா" என்றார். பெரியப்பாவைப் பார்த்து, "அண்ணே, நீ சும்மா கூட வந்திருக்கலாம்" என்றார். பிறகு, "சரி, எடுக்கச் சொல்லு. எங்க கையெழுத்து?" என்று கேட்டுக்கொண்டே டப்பாவிலிருந்து ஒரு துண்டு விவிகத்தை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

அம்மா பாய்ந்து அதைப் பிடுங்கினாள். "சுகரு வெச்சிக்கினு! ஆபரேசன் பண்ணப்போற ஒடம்பு!" டப்பாவை மூடி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். வார்டே சிரித்தது. அப்பா விரலில் ஒட்டிய துகளை மட்டும் நக்கினார்.

கீழே வந்ததும் மாமா எனக்கு ரோஸ்மில்க் வாங்கித் தந்தார். எனக்குக் குழப்பமாக இருந்தது. அத்தனை தடவை சொல்லாதே என்று சொன்னவர். "அம்மா அடிச்சாங்க. நீ அடிக்கலியா?" என்று கேட்டேன். "குடி, குடி, ஐசு கரைஞ்சிடும்" என்றார்.

அப்பாவின் கால் போனது. புண் ஆறுவதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டது. வண்டியை விற்றோம். அம்மா ஓட்டலில் பாத்திரம் கழுவப் போனாள். ஆஸ்பத்திரியிலேயே ஒரு பிளாஸ்டிக் கால் செய்து கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு அப்பா சந்து முனையில், பழைய விளக்குக் கம்பத்தடியில் பஞ்சர் ஒட்டினார். துண்டு விரித்து உட்காரவில்லை. எட்டாவதோடு என் படிப்பு நின்றது, நான் வேலைக்கு வெளியூர் போனேன், அது வேறு கதை. பெரியப்பாவுக்குத்தான் கஷ்டம். எப்போது பழையபடி முறைத்துக்கொள்வது என்று தெரியாமல், ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் பக்கத்து பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்.

ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாளில் அப்பா மாமாவிடம் ஒன்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. "ஏண்டா, ஆடி மாசத்துல ரம்முல பழம் யாரு ஊறப்போடுவா? அந்த மதாம்கிட்ட எப்போ சொன்ன?"

"டாக்டரு அக்காகிட்ட சொன்னாரே, அன்னிக்கே சொல்லி வெச்சிட்டேன் மச்சான்."

அப்பா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "பெரிய ஆளுடா நீ" என்றார். கேக் நன்றாக இருந்ததற்குத்தான் பாராட்டுகிறார் என்று நான் நினைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து மாமாவையே பெரியாஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவந்தது. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, டெம்போ ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாமல் போய்விட்டது. பங்குனி வெயில். அந்த வெயில்காலத்தை மாமா தாண்டவில்லை. ஆனால் அது பிற்பாடு.

சேர்த்த அன்றைக்கு டாக்டர் அப்பாவையும் அம்மாவையும் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு ரொம்ப நேரம் பேசினார். நாலைந்து நாள் கழித்து அப்பா பிளாஸ்டிக் காலோடு மாடிப்படியை ஒவ்வொன்றாக ஏறினார். நான் பின்னால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். இப்போது நான் வளர்ந்துவிட்டேன், யாரும் தடுக்கவில்லை. மேலே பெரியப்பா முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

மாமா எழுந்து தலையணையில் சாய்ந்தார். அப்பா டப்பாவை வாங்கித் திறந்து அவர் மடியில் வைத்தார். விவிகம். ரம் வாசனை வார்டு முழுக்க எழுந்தது.

மாமா கேக்கைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். மஞ்சள் பூத்த முகம் அப்படியே விரிந்தது.

"இன்னா மச்சான், எனக்கேவா?" என்றார். "சும்மா சொல்லு. எத எடுக்கப் போறாங்க?"

அப்பா சிரித்தார். மாமா சிரித்தார். அந்தப் பழைய கதை ஞாபகம் வந்து நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எதையாவது எடுப்பார்கள், எடுத்தால் நல்லாகிவிடுவார், இந்தத் தடவை யாரும் என்னிடம் வந்து சொல்லாதே என்று சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று இருந்தது எனக்கு. மாமா ஒரு பெரிய துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் இன்னொன்று. அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவள் டப்பாவைப் பிடுங்கவில்லை. அதை நான் கவனித்தேன். மாமாவுக்குத்தான் சர்க்கரை இல்லையே, எதற்குப் பிடுங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.